சுருட்டை முடிக்குப் பாதுகாப்புப் பின்னல்: முதன்முதலாகப் போடுகிறவர்களுக்கு

மூன்று கால் எடுத்துச் சடை பின்னத் தெரிந்த யாருக்கும் பாக்ஸ் பிரெய்ட், அதாவது தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தனித்தனிச் சடை போடும் கைவேலை புதிதில்லை. புதிதாக இருப்பது முடிதான். ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினரின் நெருக்கமான சுருட்டை முடியை நம் முடி என்று நினைத்து எண்ணெய் தடவி, உச்சியிலிருந்து வாரி, இழுத்துப் பின்னினால் அது உடைந்துபோகும். அந்த முடியோடு புதிதாகப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தைக்குத் துணையின் பக்கத்து முடி வந்திருக்கும் தமிழ் அம்மா அப்பாக்கள், பேத்தியின் தலையைக் கையில் எடுக்கத் தயங்கும் பாட்டிகள், அழகுக்கலை படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் இது உதவும்.

நான் லண்டனில் இருக்கிறேன். கணவர் கானாக்காரர். மகளுக்கு அவர் வீட்டு முடி. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் குமாசியில் பிறந்து வளர்ந்த என் மாமியார். கீழே வருவதில் பெரும்பகுதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்துக் கற்றது.

பாதுகாப்புப் பின்னல் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரில் வளரும் அளவுக்கு நுனி உடைந்துகொண்டே இருந்தால், வருடக்கணக்கில் நீளம் கூடாது. தினமும் வாருவது, துணியில் உரசுவது, வெயிலும் குளிரும் படுவது எல்லாம் நுனியைத்தான் தின்கின்றன. முடியைச் சிறு சிறு பின்னல்களாகப் போட்டு, நுனியை உள்ளே மறைத்து, சில வாரங்கள் தொடாமல் விட்டால் அந்த உடைசல் குறையும். அவ்வளவுதான் விஷயம். பின்னலால் முடி வேகமாக வளராது. வளர்ந்ததைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இறுக்கிப் போட்டால் அந்தக் காப்பும் போய்விடும்.

முடியைப் பற்றிக் கொஞ்சம்

நேரான முடியின் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டமாக இருக்கும். நெருக்கச் சுருட்டை முடியினுடையது தட்டையான நீள்வட்டம். முடி ஸ்பிரிங் போல வளைந்து வளைந்து போவதால், தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை இறங்குவதில்லை. வேர் எண்ணெய்ப் பசையோடு இருக்கும்போதே நுனி காய்ந்து கிடக்கும். ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். சீப்பு மாட்டுவதும் அங்கேதான், முடி முறிவதும் அங்கேதான்.

காய்ந்ததும் சுருங்குவது இன்னொரு இயல்பு. இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடும் முடி, விட்டால் காதோரம் வந்து நிற்கும். "பிள்ளைக்கு முடியே வளரவில்லை" என்று ஊரிலிருந்து கவலைப்படும் உறவினர்களுக்கு ஒரு கற்றையை இழுத்துக் காட்டுங்கள், போதும்.

கடைகளில் 4ஏ, 4பி, 4சி என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரராக இருந்த ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் பரப்பிய வகைப்பாட்டிலிருந்து வந்தது அது. 1 என்றால் நேர், 2 அலை, 3 சுருள், 4 நெருக்கச் சுருள். ஒரே தலையில் இரண்டு மூன்று வகை இருப்பது சாதாரணம். நம் பிள்ளைகளைப் போன்ற கலப்பு வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும். அந்த மாதிரி மென்மையான முடியில் பின்னல் சீக்கிரம் நழுவும். அதற்காக இறுக்கக் கூடாது, சீக்கிரம் அவிழ்த்துவிட வேண்டும்.

நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றை இங்கே விட்டுவிட வேண்டியிருக்கிறது. காய்ந்த முடியை வாரவே கூடாது. தண்ணீரும் கண்டிஷனரும் பட்டு வழுக்கும் நிலையில்தான் சிக்கெடுக்க வேண்டும், அதுவும் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல வேருக்கு ஏற வேண்டும். எண்ணெய் மட்டும் தடவினால் ஈரம் வந்துவிடாது. முதலில் தண்ணீர் அல்லது தண்ணீர் கலந்த லீவ்-இன் கண்டிஷனர் (அலசாமல் முடியிலேயே விடுவது), அதற்கு மேல் ஈரம் போகாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சிலருக்குப் பொருந்தும், சிலருடைய முடியை விறைப்பாக்கும். கைப்பிடி அளவு ஊற்றித் தேய்க்கும் வழக்கம் மட்டும் இங்கே உதவாது. பேன் சீப்பைக் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

யாருடைய பின்னல் இது

நமீபியாவின் ஹிம்பா பெண்கள் செம்மண் நிறக் காவியையும் வெண்ணெயையும் குழைத்துப் பின்னல்களில் பூசுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானிப் பெண்கள் பின்னலில் சோழி, அம்பர் மணி, வெள்ளிக் காசு கோக்கிறார்கள். பல சமூகங்களில் பின்னலைப் பார்த்தே வயது, திருமணம், எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்கள் இந்தக் கலையையும் சுமந்து போனார்கள். 1786-ல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மிரோ, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவே போட்டார். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர் ரெனே ரோஜர்ஸ், தலைத்தோலோடு ஒட்டிப் போடும் கார்ன்ரோ பின்னலோடு வேலைக்கு வரும் உரிமை கேட்டு நடத்திய வழக்கில் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. கலிஃபோர்னியா 2019-ல், முடியையும் பின்னலையும் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் கிரவுன் சட்டத்தை நிறைவேற்றிய பிறகுதான் அங்கே மாநிலம் மாநிலமாக நிலைமை மாறத் தொடங்கியது.

இங்கே பிரிட்டனில், கார்ன்ரோ போட்டு வந்த மாணவனை உள்ளே விடாத லண்டன் பள்ளி ஒன்றின் விதி மறைமுக இனப் பாகுபாடு என்று 2011-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிகள் இந்த விஷயத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2022-ல் சமத்துவ ஆணையம் வழிகாட்டுதலும் வெளியிட்டது. பிள்ளையின் பின்னலைப் பற்றிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் இந்த இரண்டையும் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். ஒரு பிள்ளை தன் பின்னலுக்காகத் தலைகுனியக் கூடாது. வீட்டுக்குள் நாமும் "இது என்ன தலை" என்று கேட்டுவிடக் கூடாது. தாத்தா பாட்டி வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளை வெகுநாள் மறக்காது.

எந்தப் பின்னல்

பெயர்கள் நிறைய, அடிப்படை நாலுதான். தலைத்தோலோடு ஒட்டி வரிசையாகப் போவது கார்ன்ரோ, கரீபியர்கள் கேன்ரோ என்பார்கள். தலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனிச் சடை தொங்கவிடுவது பாக்ஸ் பிரெய்ட். அதிலேயே வேரில் முடிச்சு இல்லாமல், சொந்த முடியில் தொடங்கிச் சவுரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது நாட்லெஸ். இரண்டு கால் மட்டும் எடுத்து முறுக்குவது ட்விஸ்ட்.

குழந்தைக்கு என்றால் சவுரி சேர்க்காமல் சொந்த முடியில் ட்விஸ்ட் போடுவதிலிருந்து தொடங்குங்கள். பத்துப் பதினைந்து ட்விஸ்ட் போதும், இரண்டு வாரம் நிற்கும், அவிழ்ப்பதும் சுலபம். சின்னக் குழந்தையின் மெல்லிய முடியில் சவுரியின் பாரத்தை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நடுத்தர அளவு நாட்லெஸ்தான் என் தேர்வு. பழைய முறையில் சவுரியை வேரிலேயே முடிச்சாகப் பிடிப்பதால் முழுப் பாரமும் முதல் நாளே வேரில் விழுகிறது. நாட்லெஸில் அந்தப் பாரம் கீழே தள்ளிப் பரவுகிறது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், சவுரி சேர்க்கும் கைப்பழக்கம் வரக் கொஞ்சம் நாள் ஆகும், ஆனாலும் பொறுமையாகக் கற்க வேண்டியது இதைத்தான். இனி வருவது அந்த முறை. சொந்த முடி ஏழெட்டு சென்டிமீட்டராவது இருந்தால் பிடிமானம் கிடைக்கும்.

வாங்க வேண்டியவை

எலிவால் போல நீண்ட கைப்பிடி உள்ள சீப்பு வகிடு எடுக்க, அகலப் பல் சீப்பு சிக்கெடுக்க. நாலைந்து பெரிய கிளிப், தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், கண்டிஷனர், லீவ்-இன், வேரில் தொட்டு வைக்கப் பிரெய்டிங் ஜெல், கடைசியில் பூச மூஸ் என்னும் நுரை, இரவுக்குச் சாட்டின் போனட் என்னும் வழுவழுப்பான துணித் தொப்பி. லண்டனில் இதெல்லாம் பெக்கம், பிரிக்ஸ்டன் பக்கம் ஒரே தெருவில் கிடைக்கும். பாரிஸில் இருப்பவர்கள் கார் து நோரிலிருந்து மெட்ரோ 4-ல் தெற்கே போனால் இரண்டாவது நிறுத்தமான ஷாத்தோ தோவில் இறங்கினால் போதும், லா சப்பலுக்குச் சாமான் வாங்க வந்த அன்றே இதையும் முடித்துவிடலாம். டொராண்டோவில் எக்லிங்டன் மேற்கு வீதியின் லிட்டில் ஜமைக்கா.

அடுத்தது சவுரி. திருப்பதியிலும் பழனியிலும் இறக்கும் முடி ஏலத்தில் போய், விக்காகவும் நீள முடிப் பட்டைகளாகவும் உலகமெங்கும் விற்கிறது. பின்னலுக்கு அது அவ்வளவாகப் பயன்படுவதில்லை. வழுக்கும், விலையும் அதிகம். பாக்ஸ் பிரெய்டுக்குச் செயற்கை இழைதான் வழக்கம். ஜப்பானின் கனேகா நிறுவனம் தயாரிக்கும் கனெகலான் இழை அதில் பெயர் பெற்றது. முன்கூட்டியே நுனி இழுத்துச் சீராக்கிய பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், அரை நாள் வேலை மிச்சம். நடுத்தரப் பின்னலுக்கு, முதுகு வரை நீளம் வைக்க, ஐந்து முதல் எட்டுப் பாக்கெட் வரை ஆகும். நீளத்தைக் குறைத்தால் பாக்கெட்டும் குறையும், தலைப் பாரமும் குறையும். முதல் முறைக்குத் தோள் வரை போதும் என்பேன். இயற்கைக் கறுப்புக்கு 1பி நிறம் பெரும்பாலும் பொருந்தும்.

செயற்கை இழையின் மேல் பூச்சு ஒன்று இருக்கும். பலருக்குத் தலை அரிப்பதும் கழுத்தில் தடிப்பதும் அதனால்தான். முதல் நாளே ஒரு வாளியில் ஒரு பங்கு ஆப்பிள் சைடர் வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, சவுரியை அவிழ்க்காமல் அரை மணி நேரம் ஊற விடுங்கள். மேலே வெள்ளையாகப் படலம் மிதக்கும். நல்ல தண்ணீரில் அலசித் தொங்கவிட்டுக் காய வையுங்கள். வாடை காய்ந்ததும் போய்விடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. 2025-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு பரவலாக விற்கும் 10 செயற்கைச் சவுரிகளைச் சோதித்தது. பத்திலும் புற்றுநோயோடு தொடர்புள்ள வேதிப்பொருட்கள் இருந்தன, ஒன்பதில் ஈயமும் இருந்தது. வினிகரில் ஊறவைப்பது அரிப்புக்குத்தான் மருந்து, இதற்கு இல்லை. வாழை நார் போன்ற தாவர இழையில் செய்த சவுரிகள் இப்போது கிடைக்கின்றன, விலை அதிகம். குழந்தைக்குச் சவுரி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் நாள்: முடியைத் தயார் செய்வது

இதை அவசரமாக முடித்துவிட்டுப் பின்னலுக்கு ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். ஆறு வாரம் தொடப்போவதில்லை என்பதால், முடி உள்ளே போகும்போது எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வெளியே வரும்.

தலையை நாலாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். கையில் இருக்கும் பகுதியில் தண்ணீர் தெளித்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, முதலில் விரலாலேயே சிக்கைப் பிரியுங்கள். விரல் தடையில்லாமல் ஓடிய பிறகு அகலப் பல் சீப்பு. வேர்ப் பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே வாரினால் தலைத்தோலில் இழுப்பு தெரியாது, பிள்ளையும் அழாது. சிக்கெடுத்த பகுதியைத் தளர்வாக முறுக்கி ஒதுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

பிறகு ஷாம்பூ. தலைத்தோலை விரல் நுனியால் தேயுங்கள், முடியைச் சுருட்டிக் கசக்க வேண்டாம். அதன் பின் ஆழ்ந்த கண்டிஷனரைப் பூசி, பிளாஸ்டிக் தொப்பி போட்டு அரை மணி நேரம். அலசி, பழைய பருத்தி டி-சர்ட்டால் ஒற்றி எடுத்து, லீவ்-இன், அதற்கு மேல் சில துளி எண்ணெய்.

சுருங்கிய முடியில் நேராக வகிடு எடுக்க முடியாது, அதனால் கொஞ்சம் நீட்ட வேண்டும். குறைந்த சூட்டில் ஹேர் டிரையர் பிடிக்கலாம். சூடே வேண்டாம் என்றால் ஈரமாக இருக்கும்போது எட்டுப் பத்துத் தளர்வான சடை போட்டு இரவு முழுக்க விடலாம். நைஜீரியாவின் யொருபா மக்கள் கற்றைகளில் கறுப்பு நூலை வேரிலிருந்து நுனிவரை சுற்றிக் கட்டுவார்கள். கானாவிலும் அந்தப் பழக்கம் உண்டு, மாமியார் அப்படித்தான் செய்வார். காலையில் அவிழ்த்தால் டிரையர் பிடித்த மாதிரியே நீண்டிருக்கும். முடி முழுவதும் காய்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். ஈரத்தோடு பின்னினால் காயும்போது சுருங்கி வேரை இழுக்கும்.

கட்டம் பிரிப்பது

முதல் தடவை போடுகிறவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

இரண்டு காதுகளையும் இணைத்து ஒரு வகிடு, நெற்றியிலிருந்து பிடரிவரை இன்னொரு வகிடு எடுத்தால் நாலு பாகம். பிடரியில் தொடங்குங்கள். அங்கே கோணல் வந்தாலும் கண்ணில் படாது, முன்பக்கம் வரும்போது கை பழகியிருக்கும். எலிவால் சீப்பின் கூர்முனையைத் தோலில் மெல்லப் பதித்துப் படுக்கைவாட்டில் ஒரு கோடு, பிறகு அந்தப் பட்டையைக் கட்டங்களாக வெட்டும் நெடுங்கோடுகள். ஒரு கட்டம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சதுரம். தலை முழுவதும் 40 முதல் 60 பின்னல் வரும்.

மேல் வரிசையைப் பிரிக்கும்போது கீழ்வரிசைக் கட்டத்தின் நடுவில் மேல்வரிசையின் கோடு விழ வேண்டும், செங்கல் சுவரில் ஒன்றுவிட்டு ஒன்று வைப்பார்களே அந்த மாதிரி. எல்லாக் கோடும் ஒரே நேரில் வந்தால் பின்னல்களுக்கு நடுவே தோல் பளிச்சென்று தெரியும்.

நெற்றியோரத்தில் இருக்கும் குட்டி முடிகளைக் கட்டத்துக்குள் சேர்க்காதீர்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு விரல் நுனி இடம் விட்டுத்தான் முதல் வரிசை தொடங்க வேண்டும். சதுரம் சின்னதாகவும் சவுரி தடியாகவும் இருக்கக் கூடாது. பத்து முடி சுமக்க வேண்டியதை மூன்று முடி சுமக்கும்.

பின்னுவது

உட்கார்வதற்கு முன்பே சவுரியைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பின்னலுக்கும் மூன்று துண்டு: முதலாவது மிக மெல்லியது, இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் தடிப்பு, மூன்றாவது இன்னும் கொஞ்சம். எல்லாப் பின்னலுக்கும் ஒரே அளவாக எடுத்து மேசையில் வரிசையாகப் போட்டுவிட்டால் நடுவில் நிறுத்தி நிறுத்தி அளக்க வேண்டாம்.

ஒரு கட்டத்து முடியை எடுத்து, வேரைச் சுற்றிக் கொஞ்சமாக ஜெல் தொட்டு, சீப்பால் ஒருமுறை நீவுங்கள். மூன்று காலாகப் பிரியுங்கள். சவுரி இல்லாமல் சொந்த முடியில் மட்டும் இரண்டு மூன்று மாற்று. இந்த இடத்தில்தான் நம் கை இறுக்கத் துடிக்கும். பின்னல் தோலிலிருந்து எழும் இடத்தில் விரலைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள், இறுக்கம் கொஞ்சம் கீழே வந்த பிறகு வரட்டும்.

இப்போது முதல் மெல்லிய துண்டு. அதை நடுவில் மடித்து ஆள்காட்டி விரலில் தொங்கவிடுங்கள். மடிப்பு பின்னலுக்கு அடியில் போய் உட்கார வேண்டும். ஒரு பாதி ஓரக் காலோடு சேரட்டும், மறு பாதி நடுக்காலோடு. இரண்டு மாற்று பின்னியதும் இரண்டாவது துண்டை அதே மாதிரி, ஆனால் எதிர் ஓரக் காலில் சேருங்கள். மறுபடி இரண்டு மாற்று, மூன்றாவது துண்டு. சொந்த முடி முடிவதற்குள் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சாதாரணச் சடைதான். மூன்று காலும் ஒரே தடிப்பில் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். ஒன்று மெலிந்தால் பக்கத்துக் காலிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிச் சேர்த்துவிடலாம்.

சுருட்டை முடியின் நுனி பின்னலிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கும். விரலில் துளி ஜெல் தொட்டு நீவி உள்ளே வைத்துப் பின்னுங்கள். அந்த நுனியைக் காக்கத்தானே இவ்வளவும்.

முதல் நாலைந்து பின்னல் தடித்தும் மெலிந்தும் வரும். பிடரியில்தானே இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டு மேலே போங்கள்.

நுனி அவிழாமல் இருக்கப் பலர் வெந்நீரில் முக்குவார்கள். சூடு பட்டதும் செயற்கை இழை மடிந்து அடங்கிவிடும். இதில் கையும் முதுகும் வெந்தவர்கள் உண்டு. செய்வதானால் முதுகில் தடித்த துண்டு போர்த்தி, கொதி அடங்கிய தண்ணீரை ஒரு ஆழமான குவளையில் எடுத்து, பின்னல் நுனிகளை மட்டும் சில நொடி முக்கி, உடனே துண்டால் பிழிந்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதைச் செய்யவே வேண்டாம், நுனிவரை பின்னிச் சின்ன ரப்பர் பேண்ட் போட்டால் போதும். லைட்டரால் நுனியைக் கருக்குவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கடைசியாக மூஸை உள்ளங்கையில் எடுத்துப் பின்னல்கள் மேல் தடவி, ஒரு துணியால் பத்து நிமிடம் தலையைச் சுற்றிக் கட்டினால் பிசிறு அடங்கும்.

இறுக்கம்

"முதல் இரண்டு நாள் வலிக்கும், பிறகு சரியாகிவிடும்" என்று எல்லா நாட்டிலும் சொல்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். வலி இருந்தால் பின்னல் தவறு. வேரைச் சுற்றிச் சின்ன வெள்ளைப் பருக்கள், தோல் கூடாரம் போல மேலெழும்பி நிற்பது, படுக்க முடியாத தலைவலி, இதில் எது தெரிந்தாலும் அந்தப் பின்னலை அன்றைக்கே அவிழ்க்க வேண்டும். வலி மாத்திரை போட்டுத் தூங்க வைப்பதால் முடி வேருக்கு ஒரு நன்மையும் இல்லை.

தொடர்ந்து இழுபடும் வேர்களில் முடி உதிர்வதை மருத்துவர்கள் இழுவை வழுக்கை என்கிறார்கள். நெற்றிப்பொட்டிலும் காதுக்கு மேலும் தொடங்கும். ஆரம்பத்தில் கண்டுபிடித்து இழுவையை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகிவிடும், பிறகு வராது. இறுக்கக் குதிரைவாலும் உச்சிக் கொண்டையும் இதையே செய்யும், நேர் முடிக்காரர்களும் விலக்கு இல்லை.

மாமியார் பின்னும்போது பத்துப் பின்னலுக்கு ஒருமுறை புருவத்தைத் தூக்கிக் காட்டச் சொல்வார். நெற்றித் தோல் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் கடைசியாகப் போட்டவற்றை அவிழ்த்து மறுபடி போடுவார். சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்ன வேண்டும். சலூனுக்குப் போனாலும் "தளர்வாகப் போடுங்கள்" என்று உட்காரும்போதே சொல்லுங்கள். வலித்தால் எழுந்து வரலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பின்னலோடு இருக்கும் வாரங்கள்

சவுரி போட்ட பின்னல் ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு. சவுரி இல்லாமல் சொந்த முடியில் போட்டது இரண்டு வாரம். அழகாக இருக்கிறதே என்று மூன்று மாதம் விட்டால் வேரோரம் சடை பிடிக்கத் தொடங்கும்.

இரவில் சாட்டின் போனட் அல்லது சாட்டின் தலையணை உறை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், உரசி நுனியை உடைக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீரும் லீவ்-இன்னும் கலந்ததைச் சொந்த முடி இருக்கும் நீளத்துக்குத் தெளியுங்கள். அதற்குக் கீழே இருப்பது இழைதான், அதற்கு ஈரம் தேவையில்லை. தலைத்தோலில் எண்ணெய் கொஞ்சமாக, விரல் நுனியால்.

பின்னலோடு தலை குளிக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். குளிக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கூர்மூக்குப் பாட்டிலில் ஷாம்பூவைத் தண்ணீர் கலந்து, வகிடுகளில் ஊற்றி, விரல் நுனியால் மெல்ல அழுத்தி, நன்றாக அலசுங்கள். பின்னல்களைத் துண்டால் பிழிந்து, அன்றைக்கே முழுதாகக் காய விட வேண்டும். குளிர்காலத்தில் டிரையரைக் குறைந்த சூட்டில் பிடியுங்கள். ஈரத்தோடு கொண்டை போட்டுப் படுத்தால் பூஞ்சை வாடை வரும்.

மேலே தூக்கிக் கொண்டை போடுவதை முதல் வாரத்தில் தவிருங்கள். நீச்சலுக்குப் போகும் பிள்ளைக்கு முன்பே தலையை நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டு, வந்ததும் குளோரின் போக அலசினால் போதும். குழந்தைகளுக்குப் பின்னல் நுனியில் மணி கோப்பது ஆசையாக இருக்கும், நம் குஞ்சலத்தை விடக் கலகலப்பு. லேசான மணியாக, ஒரு பின்னலுக்கு மூன்று நாலு போதும். விளையாட்டு நாளில் ரப்பர் பேண்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 1999 ஆஸ்திரேலிய ஓப்பனில் வீனஸ் வில்லியம்ஸின் மணிகள் ஆட்டத்தின் நடுவே ஆடுகளத்தில் சிதறி, நடுவர் அவருக்கு எதிராக ஒரு புள்ளி கொடுத்தார். அவருக்கு அது எவ்வளவு வருத்தம் தந்திருக்கும்.

அவிழ்ப்பது

பின்னுவதை விட அவிழ்ப்பதில்தான் அதிக முடி போகிறது, அவசரத்தால். ஒரு முழு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

முதலில் சொந்த முடி எங்கே முடிகிறது என்று தடவிப் பாருங்கள். அதற்குக் கீழே நாலு விரல் தள்ளிச் சவுரியை வெட்டலாம். சந்தேகம் இருந்தால் இன்னும் கீழே வெட்டுங்கள். எலிவால் சீப்பின் முனையால் கீழிருந்து மேலே அவிழுங்கள். வேரில் சாம்பல் நிறமாய் அழுக்கும் நூலும் சேர்ந்து ஒரு முடிச்சு இருக்கும். அதில் எண்ணெயோ கண்டிஷனரோ தொட்டு, இரண்டு நிமிடம் விட்டு, விரலால் பக்கவாட்டில் பிரித்து எடுங்கள். இந்த முடிச்சை எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் அது சடையாக இறுகிவிடும், பிறகு கத்திரிதான். எல்லாப் பின்னலையும் அவிழ்த்து, வாரி, சிக்கெடுத்த பிறகே குளியல்.

கையில் வரும் முடியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. ஆறு வாரம் பின்னலுக்குள் சிக்கிக் கிடந்தது மொத்தமாக வருகிறது, அதாவது இரண்டாயிரத்துக்கும் மேல். ஒரு முனையில் வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் நிறைய இருந்தால் முடி உடைந்திருக்கிறது. அடுத்த முறை தயாரிப்பில் ஈரத்தைக் கூட்டுங்கள், சவுரியைக் குறையுங்கள்.

அடுத்த பின்னலுக்கு முன் ஒன்று இரண்டு வாரம் முடியைச் சும்மா விடுங்கள். அந்த நாட்களில் கண்டிஷனர், தளர்வான ட்விஸ்ட், சாட்டின் போனட், அவ்வளவு போதும். ஒவ்வொரு முறையும் பின்னுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் நெற்றியோரத்தையும் இரண்டு பொட்டுகளையும் போனில் படம் எடுத்து வைத்து, சென்ற முறைப் படத்தோடு ஒப்பிடுங்கள். முடியோரம் பின்வாங்கியிருந்தாலோ, ஓரத்தில் குட்டி முடி மட்டும் நின்று அதற்குப் பின்னால் தோல் தெரிந்தாலோ, அந்த முறை பின்னலைத் தள்ளிப்போட்டுத் தோல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.